கொப்பியில் விழாத கடல்

வெள்ளவத்தையில் தில்லைநாதனைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம். அவருடைய மெசினைத் தெரியாதவர்கள் இல்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு பல்வைத்தியர் வீட்டுக் கராஜைத் தடுத்தெடுத்த கடை. வெளியே ‘நாகேஸ் கொமினிகேஷன்’ என்று மனைவி நாகேஸ்வரியின் பெயரில் பலகை. உள்ளே வெளிநாட்டுக்குக் கதைக்க இரண்டு கூண்டுகள், காத்திருப்பவர்கள் உட்கார ஒரு வாங்கு, மிச்ச இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு போட்டோக்கொப்பி மெசின். புறக்கோட்டையில் பழசாக வாங்கியது. சூடேறினால் இருமும்; நாகேஸ்வரி அதை ‘மாமா’ என்றுதான் சொல்லுவாள்.

போர்க்காலத்துக் கொழும்பில் தமிழராக இருப்பதற்குக் கடதாசி வேண்டும். பொலிஸ் பதிவுக்குக் கொப்பி, லொட்ஜில் தங்கக் கொப்பி, கனடா போகக் கொப்பிக்கு மேல் கொப்பி. அடையாள அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளில் நேராக விழுத்துவதில் தில்லைநாதனை அடிக்க ஆளில்லை. சனம் பரிதவித்தால்தான் தன் கடை நடக்கும் என்பது அவருக்கு வெட்கமாகவே இருந்தது. ஆனாலும் என்ன செய்வது, காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் ஸ்ரோர்ஸ் கிளாக்காக இருந்த மனுசன், தொண்ணூறில் இரண்டு பைகளோடு ஓடி வந்தவர், எதையாவது செய்துதானே ஆகவேண்டும்.

ஆள் மகா பயந்தவர். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று சொல்லிவைத்த பெரியவர் வெள்ளவத்தையில் குடியிருந்து பார்க்கவில்லை. இங்கே மடி வெறுமையாக இருந்தவனுக்கும் பயம்தான். அதிலும் தில்லைநாதனுக்குக் குறிப்பாக ஒரு பயம் இருந்தது. ஒருநாள் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் மெசினின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது கண்ணாடியில் இலங்கைப் படமொன்று கிடந்தது. குளங்களும் ஆறுகளும் குறித்த பாடசாலைப் படம். பள்ளிச் சோதனை எழுதவிருந்த பெட்டையொருத்தி மறந்துவிட்டுப் போனது. அன்று பொழுதுபடும்வரை அவரைப் பொலிஸ் நிலைய வாங்கில் இருத்தி வைத்து, ஏன் எதற்கு யாருக்கு என்று கேட்டார்கள். அடிக்கவில்லை, கடைசியில் தேத்தண்ணி கூடக் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் சூடுகண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அன்றிலிருந்து எந்தப் படத்தையும் மெசினில் வைப்பதில்லை என்று சத்தியம். ரெலிபோன் டிரெக்டரியில் இருந்த வீதிப் படத்தைக்கூடக் கிழித்து அடுப்பில் போட்டார்.

“இனி உங்கட கைரேகையையும் அழிச்சுப்போட்டு வாங்கோ. அதுவும் றோட்டு மாதிரித்தான் கிடக்கு” என்றாள் நாகேஸ்வரி.

தொண்ணூற்றைந்து கடைசியில், மழை விட்ட ஒரு மத்தியானம், கொன்ஸ்ரன்ரைன் அந்தக் கடைக்கு வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை, ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலம். குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு தடித்த புத்தகத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“எங்கட பக்கத்துக் கடையில புத்தகத்தின்ர முதுகை முறிச்சு அமத்துறாங்கள். நீர் பக்குவமாச் செய்வீர் எண்டு கேள்விப்பட்டன்” என்றார். “முழுக்க ஒரு கொப்பி வேணும்.”

“முழுக்கவோ ஐயா?” புத்தகத்தின் கனத்தைப் பார்த்துத் தில்லைநாதன் கேட்டார்.

“எண்பத்துமூண்டில எங்கட அப்பாவின்ர அலுமாரி முழுக்க எரிஞ்சு போச்சு. இது மட்டும் அண்டைக்கு மட்டை கட்டக் குடுத்திருந்தபடியால் தப்பினது. ஒண்டே ஒண்டா இருக்கிற சாமான் இல்லாத சாமான், தில்லைநாதன். இதைக் கந்தோர் மேசை லாச்சியில வைச்சுச் சாப்பாட்டு நேரம் வாசிக்கிறனான். கொப்பி வீட்டில கிடக்கட்டும். கோட்டையும் கொட்டாஞ்சேனையும் ஒரேநாளில எரியாதுதானே.”

எண்பத்துமூன்று கலவரத்தைக் கண்டவர்களின் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அது ஐரோப்பாவில் ஒரு மலைமேல் இருந்த மடத்தின் வரலாற்றுக் குறிப்பு. அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தியது. ஒரு துறவி எழுதி, அவர் இறக்க இன்னொருவர் தொடர்ந்து, அவருக்குப் பின் வேறொருவர் என்று தலைமுறைகளாக எழுதியது. இடப்பக்கத்தில் பழைய கையெழுத்தின் நிழற்படம், வலப்பக்கத்தில் இங்கிலீஷ். தில்லைநாதன் அதை வாசிக்க நினைக்கவில்லை. தாளைப் பிரட்டுவது, வைப்பது, அமத்துவது; அவருக்கு எல்லாக் கடதாசியும் ஒன்றுதான். ஆனால் மெசின் சூடேறி இருமத் தொடங்கியதும் ஆறவிடவேண்டி வந்தது. ஆறும்வரை சும்மா நிற்பானேன் என்று கண்ணை ஓட்டினார்.

ஓட்டிய கண் அங்கேயே நின்றுவிட்டது.

கொள்ளை நோய் வந்த ஆண்டு. முதலாவது துறவி இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டே போகிறார். சமையற்கார சகோதரர், மணியடிக்கிற சகோதரர், தோட்டத்துச் சகோதரர். ஒரு பெயரின் பாதியில் எழுத்து நின்றுவிடுகிறது. அடுத்த வரியில் வேறு கை. கோணல்மாணலான பெரிய எழுத்து. ‘முன்பு எழுதியவரை இன்று புதைத்தோம். எனக்கு அவரைப்போல எழுத வராது. ஆனாலும் எழுதுகிறேன்.’

தில்லைநாதனுக்கு மயிர் கூச்செறிந்தது. இடப்பக்கத்துப் படத்தில் அந்தக் கோணல் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பாஷை தெரியவில்லை, பயந்து பயந்து எழுதிய கை என்பது தெரிந்தது. இவ்வளவு சாவுக்கு நடுவே, யார் வாசிப்பார்கள் என்றும் தெரியாமல், ஒருவன் இருந்து எழுதியிருக்கிறானே! அது எத்தனை கடல் தாண்டி, எத்தனை நெருப்புக்குத் தப்பி, வெள்ளவத்தையில் ஒரு கராஜுக்குள் வந்து சேர்ந்திருக்கிறதே! அவர் மெசினை நிறுத்திவிட்டு நாகேஸ்வரியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

சில ஆண்டுகளுக்கு நேரே ஒரேயொரு வரிதான் இருந்தது. ‘இந்த ஆண்டில் எழுதத் தக்கதாக ஒன்றும் நடக்கவில்லை. கடவுளுக்கு நன்றி.’ அதை வாசித்தபோது அவருக்குப் பொறாமையாக இருந்தது. வாய்விட்டே சொன்னார். “ஒண்டும் நடக்காத வருசம் எண்டு ஒண்டு இருந்திருக்கப்பா.”

நாகேஸ்வரி வழக்கம்போலப் பகிடி பண்ணவில்லை. மாமாவின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு அந்த வரியைப் பார்த்தாள்.

நாலைந்து நாளாக, ஆள் குறைந்த மத்தியானங்களில் வேலை நடந்தது. புத்தகத்தின் நடுப்பகுதியில் மடித்து ஒட்டிய தாளொன்று வந்தது. பக்க எண் இல்லை. விரித்தார், விரிய விரிய வந்து மேசை முழுவதையும் மூடிற்று. உலகப் படம்.

அப்படியொரு உலகத்தை அவர் கண்டதில்லை. கிழக்கு மேலே இருந்தது; அங்கே முகம் வைத்த சூரியன். நடுவில் மதில் சூழ்ந்த ஒரு நகரம். சுற்றிவர இளம் வாழையிலைப் பச்சையில் கடல், அதற்குள் கப்பலை விடப் பெரிய மீன்கள். மேலே வலக்கைப் பக்கத்தில், எல்லாத் தேசங்களையும் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய தீவு. கறுவா மரங்கள். குதிரைக் கால் வைத்த ஒரு யானை. அது எங்கள் தீவு என்று பக்கத்தில் இங்கிலீஷில் குறிப்பு இருந்தது. தில்லைநாதன் விரலை வைத்துக் காங்கேசன்துறை எங்கே வரும் என்று தேடினார். அங்கே ஒரு மரம் நின்றது. வேலி இல்லை, காவல் இல்லை, தீவுக்குள் ஒரு கோடுகூட இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் ஜீப் ஒன்று வந்து நின்றது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த ஜீப் பல்வைத்தியரிடம் பல் காட்ட வந்த ஒரு அதிகாரியுடையது என்பது பிறகுதான் தெரிந்தது. தில்லைநாதன் உலகத்தை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் தள்ளி, அடுத்த பக்கத்தைக் கண்ணாடியில் வைத்து அமத்தினார். பிறகு எடுப்பம் என்று நினைத்தார். பிறகு எடுக்கவில்லை. எண் இல்லாத தாள். விட்டது யாருக்கும் தெரியாது.

கொன்ஸ்ரன்ரைன் வந்து முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். “கை வைச்ச இடமே தெரியேல்லை. நல்லாச் செய்திருக்கிறீர்” என்றார். சொல்லவேண்டிய இடம் அதுதான். தில்லைநாதனின் வாய் திறந்தது. “கவனமாக் கொண்டு போங்கோ ஐயா” என்றுதான் வந்தது.

தை மாதக் கடைசியில் கோட்டையில் குண்டு வெடித்தது. அன்று கடைக் கூண்டுகள் இரண்டும் இரவுவரை ஓயவில்லை. உலகத்து மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் உயிரோடிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். கொன்ஸ்ரன்ரைனைப் பற்றிக் கேட்க தில்லைநாதனிடம் ஒரு நம்பர்கூட இல்லை.

பங்குனியில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கடதாசிகளைக் கொப்பி எடுக்க வந்தார். மேற்தாளில் கொன்ஸ்ரன்ரைன் என்ற பெயரைக் கண்டதும் தில்லைநாதனின் கை நின்றது.

“நான் அவற்ற மனுசி, றெஜினா” என்றார் அந்தப் பெண். “யன்னல் கண்ணாடி முழுக்க முகத்தில, தம்பி. ரெண்டு கண்ணும் போட்டுது. கந்தோரும் எரிஞ்சு, லாச்சியும் எரிஞ்சு, அவற்ற புத்தகமும் எரிஞ்சு போச்சு. பிள்ளையள் வெளிநாட்டில எல்லாம் விசாரிச்சுப் பாத்திட்டினம், இன்னொண்டு அகப்படேல்லை. நீங்கள் எடுத்துத் தந்த கொப்பிதான் இப்ப இருக்கு. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நீங்கள் ஒருக்கா வந்து வாசிப்பியளோ எண்டு கேக்கச் சொன்னவர்.”

அன்றிரவு தில்லைநாதன் சாப்பிடவில்லை. உலகத்தில் ஒரு தாள் இருந்தது; அதைத் தன் கையில் வைத்திருந்தார்; பயத்தில் விட்டுவிட்டார்; இப்போது அது இல்லை. துறவிகள் கொள்ளை நோய்க்குள்ளும் விடாத கோர்வையை, ஒரு ஜீப் சத்தத்துக்கு அறுத்தவன் தான். அப்படித்தான் அவருக்குப் பட்டது.

வெள்ளவத்தையை விட்டுத் தேவையில்லாமல் அசையாத மனுசன் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கினார். கொன்ஸ்ரன்ரைன் கறுப்புக் கண்ணாடியோடு சாய்மனைக் கதிரையில் இருப்பார். இவர் கொப்பியைப் பிரித்து வாசிப்பார். இந்த ஞாயிறு சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போவார். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே திரும்புவார். படம் இருந்த இடம் நெருங்க நெருங்க வாசிப்பு ஆமையாயிற்று. வாசித்த பக்கத்தையே திரும்ப வாசித்தார்.

“என்ன, போன கிழமையும் இந்த மடத்துத் திராட்சைத் தோட்டம் அழிஞ்ச மாதிரிக் கிடக்கு” என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

எவ்வளவு இழுத்தாலும் பக்கம் முடியத்தானே வேண்டும். வைகாசியில் ஒரு ஞாயிறு முடிந்தது.

“இனிப் படம் வரவேணும்” என்று கொன்ஸ்ரன்ரைன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதுக்குத்தான் காத்துக்கொண்டு இருந்தனான். எழுத்தை மனசில வைச்சிருக்கலாம். படம் நழுவுது. விரிச்சுப்போட்டு எனக்குச் சொல்லும், என்ன தெரியுது?”

தில்லைநாதன் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. ஏதோவொரு தாளை விரிக்கிற சத்தம் செய்தார். கண்ணை மூடினார். மேசை நிறைந்து கிடந்த அந்த உலகம் வந்தது.

“மேல சூரியன், ஐயா. முகம் இருக்கு. நடுவில மதில் கட்டின பட்டினம். மீனுகள்... ஒண்டு கப்பலை விழுங்கப் போற மாதிரி. வலக்கைப் பக்கம் எங்கட தீவு. யானைக்குக் குதிரைக் கால்.”

கொன்ஸ்ரன்ரைனின் முகம் மலர்ந்தது. “ஓம், ஓம். கடல்? கடல் எப்பிடிக் கிடக்கு?”

“பச்சை, ஐயா. இளம் வாழையிலைப் பச்சை.”

சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் கொப்பி எடுத்துக் கொடுத்த மனுசன், தன் மெசின் ஒருநாளும் பச்சை காட்டாது என்பதை மறந்துபோனார்.

சாய்மனைக் கதிரை கிறீச்சிட்டது. “தில்லைநாதன், உம்மட மெசின் கறுப்பு வெள்ளையெல்லே?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டையின் படம், வாங்கில் இருந்த நாள், ஜீப், பல்வலி அதிகாரி. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

கொன்ஸ்ரன்ரைனுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? “நீர் சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தா வேற எங்கையாவது எடுத்திருப்பனே. பயந்தது பிழையில்லை, ஐசே. மறைச்சது பிழை.” முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். றெஜினா கொண்டுவந்த தேத்தண்ணி இரண்டு பேருக்கும் ஆறிப்போயிற்று. தில்லைநாதன் எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் கதிரை நுனியில் இருந்தார்.

“அந்தப் படத்தின்ர பின்பக்கத்தை வாசிச்சனீரோ?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் கொன்ஸ்ரன்ரைன்.

“இல்லை ஐயா.”

“அதைக் கீறின மடத்துச் சாமி கடல் கண்டதில்லை. சீவியத்தில அந்த மலையை விட்டு இறங்கேல்லை. வழிப்போக்கர், கப்பற்காரர் வந்து தங்கினவை சொல்லச் சொல்ல, கேட்டுக் கேட்டுக் கீறினவர். யானையும் அப்பிடித்தான். கேள்விப்பட்ட யானை.” பிறகு திரும்பினார். “நான் சொல்லுறன். நீர் கீறும்.”

“எனக்குக் கீற வராது, ஐயா.”

“எனக்கு அவரைப்போல எழுத வராது, ஆனாலும் எழுதுகிறேன்” என்றார் கொன்ஸ்ரன்ரைன். அந்த வரியை அவர் மறந்திருக்கவில்லை.

றெஜினா போன வருடத்துக் கலண்டரின் பெரிய தாளொன்றைக் கழற்றிப் பின்பக்கம் காட்டி மேசையில் விரித்தார். நோர்வே போன பேரப்பிள்ளைகள் விட்டுப்போன கலர்ப் பென்சில்களில் பச்சைக் கட்டை ஒன்று கிடந்தது. கொன்ஸ்ரன்ரைன் நடுவில் ஒரு சாசரைக் கவிழ்த்து, இதுதான் பட்டினம் என்றார். காற்றில் விரலால் கரைகளைக் கீறினார். தில்லைநாதன் அந்த விரலைப் பார்த்துத் தாளில் கீறினார். இரண்டு பேரும் பிணக்குப்பட்டார்கள். தீவில் ஆறு இருந்தது என்றார் ஒருவர். ஆறே இல்லை, மரந்தான் என்றார் மற்றவர். கடைசியில் ஆறும் விழுந்தது, மரமும் விழுந்தது. காங்கேசன்துறையில் மரம் நின்றது என்பதில் மட்டும் தில்லைநாதன் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணில்லாத ஒருவர் சொல்ல, கீறத் தெரியாத ஒருவர் கீற, எரிந்துபோன உலகம் கலண்டர்த் தாளில் திரும்ப எழும்பி வந்தது.

அந்தத் தாளை அவர் கடைக்குக் கொண்டுபோய்க் கொப்பி எடுக்கவேண்டும். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பையைத் திறந்தான். தாளை எடுத்து விரித்தான்.

“மேக்க மொகக்த?” என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

இந்த நாளுக்குத்தானே இத்தனை வருடம் பயந்தார். “லோக சிதியமக், மாத்தயா” என்றார். உலகப் படம். “பரண எகக்.” பழசு.

சிப்பாய் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினான். அவன் படித்த உலகம் அதில் இல்லை. “அபே ரட கோ?” நமது நாடு எங்கே?

தில்லைநாதன் விரலை வைத்துக் காட்டினார். சிப்பாய் குனிந்து பார்த்தான். பிறகு இன்னும் குனிந்தான்.

“மெச்சர லொக்குத?” இவ்வளவு பெரிதா? அவன் குரலில் அதட்டல் போயிருந்தது. மற்றவனைக் கூப்பிட்டான். மற்றவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து பார்த்தான். யானையின் காலைக் கண்டதும் சிரித்துவிட்டான். மூன்று பேரும் ஒரு தாளுக்கு மேல் குனிந்து நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம் தில்லைநாதனுக்கு அவர்கள்மேல் பயமே வரவில்லை. அது அவருக்கே பெரிய அதிசயமாக இருந்தது. முதலாவது சிப்பாய் பழைய மடிப்பிலேயே தாளை மடித்து, அடையாள அட்டையையும் அதன்மேல் வைத்துக் கொடுத்தான்.

மறுநாள் வெள்ளவத்தையில் மாமா இருமி இருமி உலகத்தைக் கொப்பி எடுத்தார். கடல் சாம்பலாகத்தான் விழுந்தது. தில்லைநாதன் கடை வாசலிலேயே இருந்து, போவார் வருவார் பார்க்க, பச்சைப் பென்சிலால் அதைத் தீட்டினார். ஒன்றே ஒன்றாக இருக்கிற சாமான் இல்லாத சாமான் என்றபடியால் மூன்று எடுத்தார். ஒன்றை நாகேஸ்வரி சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

அடுத்த ஞாயிறு படத்தை அதன் இடத்தில் வைத்துத் தைத்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

“கடல்?”

“பச்சை, ஐயா. கையால தீட்டினனான்.”

“அப்ப வாசியும்.”

தில்லைநாதன் அடுத்த பக்கத்தைப் பிரட்டினார். ஒரேயொரு வரி. இங்கிலீஷில் வாசித்தார். கொன்ஸ்ரன்ரைன் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

“இன்னொருக்கா வாசியும்.”

இன்னொருமுறை வாசித்தார். குசினி வாசலில் வந்து நின்ற றெஜினா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தில்லைநாதன் தமிழில் சொன்னார்: இந்த ஆண்டில் எழுதத் தக்கதாக ஒன்றும் நடக்கவில்லை, கடவுளுக்கு நன்றி.

றெஜினா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கிட்ட வந்து, புதிதாகத் தைத்த படத்தைப் பார்த்தார்.

“அந்த ஒண்டும் நடக்காத ஊர் எது, தம்பி?” என்று கேட்டார். “இதில எங்கை இருக்கு, ஒருக்காக் காட்டுங்கோ.”